நோட்டீஸில் 6.5 லட்சம், கணக்கில் 12 லட்சம்: ஆப்பிரிக்கப் பயணத்துக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: அரசு உதவி பெறும் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருக்கிறேன். ஊர் திருநெல்வேலி. வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறேன். பிறகு ஓய்வூதியம் மாதம் 65,000 ரூபாய் அளவுக்கு வரும். பணிக்கொடை, விடுப்பு ஒப்படைப்பு எல்லாம் சேர்த்து 35 லட்சம் எதிர்பார்க்கிறேன். வங்கியில் 22 லட்சம் டெபாசிட் இருக்கிறது. அதில் 7 லட்சம் அடுத்த மார்ச்சில் முதிர்கிறது. கடன் எதுவும் இல்லை. மகன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். என் மனைவிக்குப் பறவை பார்ப்பதில் பெரிய ஆர்வம். கேப் டவுனில் தொடங்கி நமீபியா, போட்ஸ்வானா வழியாக விக்டோரியா அருவி வரை லாரி போன்ற வண்டியில் 20 நாள் தரைவழிப் பயணம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். லாட்ஜில் தங்கும் வகை, ஒருவருக்கு 3,600 டாலர். கூடாரம் என்றால் 2,200 டாலர். ஜூலைதான் சீசன், இப்போதே போடாவிட்டால் விலை ஏறிவிடும் என்கிறார் ஏஜென்ட், 6.5 லட்சத்துக்கு 14% வட்டியில் மூன்று வருடப் பயணக் கடனும் ஏற்பாடு செய்து தருகிறாராம். கடன் வாங்கலாமா, டெபாசிட்டை உடைக்கலாமா, மனைவியின் நகையை வைக்கலாமா? கூடாரத்துக்கு மாறிப் பணத்தை மிச்சப்படுத்தலாமா?

பதில்: சார், நீங்கள் கேட்டது 6.5 லட்சத்துக்கான வழி. அந்தத் தொகையே சரியில்லை. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

இந்த வகைப் பயணங்களில் நோட்டீஸ் விலை என்பது வண்டி, தங்குமிடம், பெரும்பாலான சாப்பாடு, வழிகாட்டி, இவ்வளவுதான். டாலருக்கு 90 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் உங்கள் இருவருக்கும் 7,200 டாலர், அதாவது 6,48,000 ரூபாய். அதற்குப் பிறகு 'லோக்கல் பேமென்ட்' என்று ஒன்று வரும். பயணத்தின் முதல் நாள் வழிகாட்டி வசூலிக்கும் தொகை இது. பெரும்பாலும் டாலர் நோட்டாகவே கேட்பார்கள். பல நிறுவனங்கள் இதை நோட்டீஸின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். ஆளுக்கு 400 டாலர் என்று வைத்தால் இருவருக்கும் 72,000. சென்னையிலிருந்து கேப் டவுன் போய், விக்டோரியா அருவியிலிருந்து திரும்பும் விமான டிக்கெட் இருவருக்கும் 1,80,000 என்று வையுங்கள். போகும் ஊரும் திரும்பும் ஊரும் வேறு என்பதால் விலை கூடத்தான் செய்யும். விசாக்களுக்கு 40,000, காப்பீட்டுக்கு 20,000, தடுப்பூசி, மலேரியா மாத்திரை, குளிர் உடைகளுக்கு 25,000. கேப் டவுனுக்கு ஒரு நாள் முன்னதாகப் போய்விட வேண்டும், ஏனென்றால் விமானம் தாமதமானாலும் வண்டி காத்திருக்காது. முன்னும் பின்னும் தங்க 20,000.

இன்னும் இருக்கிறது. அங்கே போனபிறகு 'விருப்பத்துக்கு' என்று சொல்லி நீட்டுவார்கள்: கேப் டவுனில் டேபிள் மலை கேபிள் கார், நமீபியாவின் ஸ்வாகோப்முண்ட் ஊரில் நமீப் பாலைவனத்தின் மேல் சின்ன விமானம், போட்ஸ்வானாவின் மௌன் ஊரிலிருந்து ஒக்கவாங்கோ டெல்டாவின் மேல் விமானம், விக்டோரியா அருவியில் ஹெலிகாப்டர். எல்லாவற்றுக்கும் ஆசைப்பட்டால் ஒருவருக்கே ஆயிரம் டாலரைத் தாண்டலாம். பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இருவருக்கும் 90,000 ஒதுக்குகிறேன். ஊர்களில் நீங்களே வாங்கிச் சாப்பிடும் வேளைகள், குடிநீர், சலவை, டிப்ஸ் இவற்றுக்கு 63,000. டிப்ஸ் அங்கே சம்பளத்தின் ஒரு பகுதி போலத்தான், அதை விட்டுவிட முடியாது.

கூட்டினால் 11,58,000. நாணய மாற்று விகிதத்துக்கு 5% சேர்த்தால் சுமார் 12.16 லட்சம். நோட்டீஸ் விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இது ஏஜென்ட் மறைத்த கணக்கல்ல, இந்த வியாபாரம் எங்குமே இப்படித்தான்.

சரி, இப்போது கடன். 6.5 லட்சம், 14%, 36 மாதம் என்றால் தவணை சுமார் 22,200 ரூபாய். மொத்த வட்டி 1.5 லட்சம். உங்கள் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூன்று வருடம் போய்விடும், அதுவும் பாதிச் செலவுக்குத்தான். மீதி 5.66 லட்சத்துக்கு மறுபடி டெபாசிட்டைத்தான் தேடுவீர்கள். ஆகவே கடன் வேண்டாம். நகையும் வேண்டாம், பறவை பார்க்கப் போகிறவர் வளையலை வைத்துவிட்டுப் போக வேண்டியதில்லை. நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் டெபாசிட்டை உடைப்பதுதான் மலிவு. முன்கூட்டி எடுத்தால் டெபாசிட் இருந்த காலத்துக்கான வட்டி விகிதத்திலிருந்து பெரும்பாலான வங்கிகள் அரை முதல் ஒரு சதவீதம் குறைக்கும், அவ்வளவுதான் இழப்பு. ஆனால் அதற்கும் அவசியம் இல்லை.

நான் சொல்வது, போங்கள். இந்த ஜூலையில் அல்ல, அடுத்த வருடம் ஜூன் முதல் பாதியில்.

பணத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்த ஜூலை என்றால் ஓய்வு பெற்று இரண்டே மாதம். ஓய்வுக்காலப் பணம் கைக்கு வரும் தேதியை நம்பி யாரும் டிக்கெட் போடக்கூடாது. கோப்பு எந்த மேஜையில் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த ஜூன் என்றால் அந்த 7 லட்சம் மார்ச்சில் எந்த அபராதமும் இல்லாமல் முதிர்ந்திருக்கும். பயணத் தொகையின் பெரும்பகுதியைப் புறப்படுவதற்குச் சுமார் இரண்டு மாதம் முன்புதான் கட்டச் சொல்வார்கள், ஆக ஏப்ரல் தொடக்கம். தேதி கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்த ஏப்ரலிலிருந்து மாதம் 20,000 ரெக்கரிங் டெபாசிட்டில் போட்டால் 12 மாதத்தில் 2.4 லட்சம். மீதி 2.76 லட்சத்தை ஓய்வுப் பணத்திலிருந்து எடுங்கள். அதற்கு மேல் அந்த 35 லட்சத்தைத் தொடாதீர்கள். அதில் 15 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், இப்போதைய 8.2% வட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் வரும். அது வீட்டுக்கும் மருத்துவத்துக்கும்.

சீசன் விஷயத்தில் ஏஜென்ட் சொன்னது பாதி உண்மை. ஜூனிலிருந்து அக்டோபர் வரை அங்கே வறண்ட காலம். புல் காய்ந்து, நீர் சுருங்கி, மிருகங்கள் நீர்நிலைகளுக்கு வந்தே ஆக வேண்டும். நமீபியாவின் எட்டோஷா பூங்காவில் ஒக்காகுயேயோ முகாமில் இரவு முழுக்க விளக்கு எரியும் நீர்நிலை ஒன்று உண்டு. தாழ்ந்த கல்சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தால் போதும். அந்தப் பக்கம் கருப்புக் காண்டாமிருகம் தண்ணீர் குடிக்க வரும். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் ஜிம்பாப்வே, ஸாம்பியா எல்லையில் இருக்கும் அருவியின் கணக்கு வேறு. மழைக்காலத்துக்குப் பின் ஏப்ரல், மே மாதங்களில் ஸாம்பெசி ஆறு நிரம்பி ஓடும். அக்டோபர், நவம்பரில் ஸாம்பியாப் பக்கத்துப் பாறை பல இடங்களில் வெறுமையாகத் தெரியும். 1.7 கிலோமீட்டர் அகலமும் 108 மீட்டர் உயரமும் உள்ள அருவியைப் பார்க்க இவ்வளவு செலவு செய்து போய், பாறையைப் பார்த்துத் திரும்பக் கூடாது. ஒக்கவாங்கோவோ இன்னும் விசித்திரம். அங்கோலா மலைகளில் பெய்த மழை மணல்வழியே மாதக்கணக்கில் மெல்ல நகர்ந்து, போட்ஸ்வானாவில் மழையே இல்லாத காலத்தில்தான் டெல்டாவை நிரப்பும். ஜூனில் மூன்றும் கிடைக்கும்: அருவியில் தண்ணீர், டெல்டாவில் வெள்ளம், எட்டோஷாவில் வறட்சி. உங்கள் மனைவி டெல்டாவில் மொகோரோ என்னும் மெல்லிய படகில் நாணலுக்குள் போவதற்கும் அது நல்ல மாதம்தான். சம்மர் பறவைகள் ஐரோப்பாவுக்குத் திரும்பியிருக்கும் என்பது மட்டும் குறை. அதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கூடாரம் விஷயம். இருவருக்கும் 2,800 டாலர், அதாவது 2.52 லட்சம் மிச்சம் என்பது உண்மை. முப்பது வயதுக்காரர் கேட்டிருந்தால் தயங்காமல் கூடாரம் என்றிருப்பேன். கூடாரத்தை ஒவ்வொரு மாலையும் நீங்களே அடித்து, மறுநாள் இருட்டோடு நீங்களே மடிக்க வேண்டும். பாத்திரம் கழுவும் முறையும் வரும். ஜூன் இரவில் பாலைவனத்தில் குளிர் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் போகும். நமீபியாவின் சொசுஸ்வ்ளேயில் டியூன் 45 என்ற மணல்மேட்டில் சூரிய உதயத்துக்கு ஏற வேண்டுமென்றால் அதற்கு முன்பே எழுந்து கூடாரத்தைச் சுருட்டியிருக்க வேண்டும். மூட்டுவலி இருந்தால் லாட்ஜ்தான். மூட்டு நன்றாக இருந்து, 2.5 லட்சம் மனதை உறுத்தினால், சில நிறுவனங்கள் கூடார விலையில் சேர்ந்துகொண்டு, இடம் இருந்தால் சில இரவுகள் மட்டும் அறைக்கு மாற விடுகின்றன. எட்டோஷாவிலும் ஸ்வாகோப்முண்டிலும் அப்படி மாறிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள். வாடகைக்குக் காரெடுத்து நீங்களே ஓட்டுகிறீர்களா என்று யாராவது யோசனை சொன்னால், முதல்முறைக்கு வேண்டாம். நமீபியாவின் பெரும்பாலான சாலை ஜல்லிதான்.

வரி விஷயம். இங்குள்ள ஏஜென்டிடம் வெளிநாட்டுப் பயணத் தொகுப்பு வாங்கினால் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார். 2026 ஏப்ரல் 1-க்கு முன்பு வரை ஓராண்டில் 10 லட்சம் வரை 5%, அதற்கு மேல் 20% என்று இருந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு தொகை எவ்வளவானாலும் 2%. இது செலவல்ல. உங்கள் பான் எண்ணில் ஏறும், ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஜிஎஸ்டி உண்மையான செலவு. 7,200 டாலரில் 5% ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் 32,400 கூடும்.

கைப்பணம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இங்கேதான் பலர் வீணாக இழக்கிறார்கள். இந்தியாவிலிருந்து ஒரு பயணத்துக்கு ஒருவர் 3,000 டாலர் வரைதான் நோட்டாகக் கொண்டுபோகலாம். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. லோக்கல் பேமென்டுக்கான டாலரோடு, 1, 5, 10 டாலர் நோட்டுகளாக ஒரு கட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜிம்பாப்வேயில் டாலர் அன்றாடம் புழங்குகிறது, ஆனால் சில்லறை கிடைக்காது. 2 டாலர் பொருளுக்கு 20 டாலர் கொடுத்தால் மீதிக்கு இன்னும் நாலு பொம்மை வாங்க வேண்டியதாகிவிடும். கிழிந்த, கிறுக்கிய நோட்டை யாரும் தொடமாட்டார்கள், ஃபாரெக்ஸ் கடையிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்குங்கள். மற்றதை ஃபாரெக்ஸ் கார்டில் தென்னாப்பிரிக்க நாணயமான ராண்டாக ஏற்றுங்கள். நமீபிய டாலர் ராண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று, அங்கே ராண்டை எந்தக் கடையிலும் வாங்குவார்கள். ஆனால் திருப்பித் தரும் சில்லறை நமீபிய டாலராக இருக்கும், அது எல்லைக்கு வெளியே செல்லாது; போட்ஸ்வானா எல்லைக்கு முன்பே பெட்ரோல் நிலையக் கடையில் தீர்த்துவிடுங்கள். போட்ஸ்வானாவில் பூலா தனி நாணயம், ஏடிஎம்மில் எடுங்கள். கார்டு இயந்திரம் 'ரூபாயில் கழிக்கவா, உள்ளூர் நாணயத்திலா' என்று கேட்டால் எப்போதும் உள்ளூர் நாணயம். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த விகிதத்தில் போகும்.

டாலரை ஒரே நாளில் வாங்காதீர்கள். புறப்படுவதற்கு முந்தைய 60 நாளுக்குள் மூன்றாகப் பிரித்து வாங்குங்கள். விகிதத்தைக் கணிக்க முயல வேண்டாம்; நானும் கணிப்பதில்லை.

காப்பீட்டில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. டெல்டாவில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் விமானத்தில் ஜோஹன்னஸ்பர்க் கொண்டுபோக வேண்டியிருக்கும். உங்கள் இந்தியக் குடும்ப மெடிக்ளெய்ம் பெரும்பாலும் அங்கே உதவாது. நோயாளியை விமானத்தில் கொண்டுபோகும் செலவு தெளிவாக எழுதப்பட்ட பாலிசியை வாங்குங்கள், பிபி, சர்க்கரை இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். ஹெலிகாப்டர் போன்றவை 'சாகச விளையாட்டு' என்று விலக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

விமானம் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாக என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கப்படலாம். அது ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். 60 வயதுக்கு மேல் இந்த ஊசிக்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம். அவர் வேண்டாம் என்றால் துபாய் வழி டிக்கெட் பாருங்கள்.

ஏஜென்டிடம் இந்த வாரம் கடன் படிவத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஜூன் தேதிகளுக்கு முன்பணம் எவ்வளவு, ரத்து செய்தால் எந்தத் தேதி வரை எவ்வளவு திரும்பும், குழு சேராமல் நிறுவனமே ரத்து செய்தால் முழுப்பணமும் வருமா என்ற மூன்றுக்கும் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். வாயால் சொன்னது போதாது. பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.