அமெரிக்கப் பகல்நேரத் தொடர்களில் 'ஹெட் ரைட்டர்' என்பவரின் படைப்புப் பங்கு என்ன?

கேட்கப்பட்ட கேள்வி இது: "அமெரிக்க சோப் ஆபராக்களில் 'ஹெட் ரைட்டர்' என்று ஒருவர் பெயர் வருகிறது. அவருக்குக் கீழே ஏழெட்டுப் பேர் எழுதுகிறார்கள். மேலே தயாரிப்பாளரும் சேனலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படியென்றால் அவர் படைப்பதற்கு என்னதான் மிச்சம்?"

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஹெட் ரைட்டர், அதாவது தலைமை எழுத்தாளர், பெரும்பாலும் வசனம் எழுதுவதில்லை. எந்த ரகசியம் யாருக்கு எப்போது தெரியவர வேண்டும் என்று முடிவு செய்வதுதான் அவருடைய வேலை. தினசரித் தொடரைப் பொறுத்தவரை கதை என்பதே அதுதான் என்பது என் கட்சி.

நம் ஊர் சீரியல் டைட்டிலில் கதை, திரைக்கதை, வசனம் என்று தனித்தனியாகப் பெயர் போடுவார்கள் இல்லையா, அங்கேயும் கிட்டத்தட்ட அப்படித்தான். முதலில் ஹெட் ரைட்டர் அடுத்த ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ கதை எங்கே போகிறது என்று நீளமாக எழுதித் தருகிறார். தயாரிப்பாளரும் சேனலும் அதைப் படித்துச் சம்மதிக்க வேண்டும். பிறகு வாரா வாரம் குழு கூடி அந்த வாரத்து ஐந்து நாட்களையும் பிரித்துக்கொள்ளும். திங்களன்று யார் யார் வருகிறார்கள், எந்தக் காட்சியில் விளம்பர இடைவேளை விழுகிறது, வெள்ளிக்கிழமை எதில் நிறுத்தினால் ஆள் திங்கள்கிழமை திரும்ப வருவார் என்பதெல்லாம் அங்கே முடிவாகும். இதைக் காட்சி காட்சியாக எழுதுகிறவர்கள் பிரேக்டவுன் ரைட்டர்கள். அதை வைத்து வசனம் எழுதுகிறவர்கள் ஸ்கிரிப்ட் ரைட்டர்கள். கடைசியில் எல்லாம் ஒரே கை எழுதியதுபோல இருக்க வேண்டும் என்று ஒரு ஸ்கிரிப்ட் எடிட்டர் இழைத்துக் கொடுப்பார். வருடத்துக்கு ஏறத்தாழ 250 எபிசோட். ஒரே ஆள் எழுதி முடிக்கிற சமாச்சாரம் இல்லை.

ஆனால் ஆரம்பத்தில் ஒரே ஆள்தான் எழுதினார். இந்த வடிவத்துக்கே அடித்தளம் போட்ட இர்னா பிலிப்ஸ், 1930-இல் சிகாகோ வானொலியில் தொடங்கியவர். உட்கார்ந்து எழுதவே மாட்டாராம். எல்லாப் பாத்திரங்களாகவும் தானே பேசி நடித்துக் காட்டுவார், உதவியாளர் குறிப்பெடுத்துக்கொள்வார். அப்படியே ஒரே சமயத்தில் பல தொடர்களை ஓட்டினார். அன்றைக்கு ஒரு எபிசோட் பதினைந்து நிமிடம், அதனால் முடிந்தது. 1956-இல் அவருடைய 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' அரை மணி நேரமாக வந்தது. 1975-இல் 'அனதர் வேர்ல்ட்' முதல்முறையாக ஒரு மணி நேரமானது. அங்கே ஹெட் ரைட்டராக இருந்த ஹார்டிங் லெமே நாடகாசிரியர். 1979-இல் அதையும் ஒன்றரை மணி நேரமாக்கினார்கள். அவர் அதே வருடம் விலகிவிட்டார் (யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள்). நேரம் நீள நீளக் குழு பெரிதானது. ஹெட் ரைட்டரின் பேனா வசனத்தை விட்டு விலகி, கதையின் போக்கை மட்டும் பிடித்துக்கொண்டது.

சரி, "எப்போது யாருக்குத் தெரிய வேண்டும்" என்பதில் அப்படி என்ன படைப்பு? இதற்கு ஆக்னஸ் நிக்சனைத்தான் சொல்ல வேண்டும். பிலிப்ஸிடம் தொழில் கற்றவர், என் கணக்கில் குருவை மிஞ்சியவர்.

1968-இல் ஏபிசி சேனலில் அவர் உருவாக்கிய 'ஒன் லைஃப் டு லிவ்' தொடங்கியது. அதில் கார்லா பெனாரி என்று ஒரு நடிகை ஊருக்கு வருகிறாள். இத்தாலிய வம்சாவளிப் பெண் என்றுதான் பார்க்கிறவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு வெள்ளைக்கார டாக்டரோடு கல்யாணம் வரை பேச்சு போகிறது. அதே மருத்துவமனையில் இருக்கும் கறுப்பின டாக்டர் ஒருவர் மேல் அவளுக்கு மனம் போகிறது. ஒரு நாள் இருவரும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். 1968 அமெரிக்கா, பகல் நேரம், வீட்டு ஹாலில் ஓடுகிற டிவி. சேனலுக்குக் கண்டனங்கள் வந்தன. இதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான், மாதக்கணக்கில் காத்திருந்து, நிக்சன் உண்மையைத் திறக்கிறார். கார்லா, அதே தொடரில் வருகிற கறுப்பினப் பெண் சேடி கிரேயின் மகள். நிறம் சற்று வெளுப்பாக இருப்பதால் வெள்ளைக்காரியாகவே வாழ்ந்துவிடலாம் என்று பெயரை மாற்றிக்கொண்டு வந்தவள். நடித்த எலன் ஹாலியும் கறுப்பினத்தவர்தான்.

இதை ஒரு சினிமாவில் செய்திருந்தால் இரண்டு மணி நேரத்தில் வருகிற ஒரு திருப்பம், அவ்வளவுதான். இங்கே பார்வையாளர் மாதக்கணக்கில் தினமும் அவளோடு பழகியிருக்கிறார். அவளுக்காகக் கவலைப்பட்டிருக்கிறார், "அந்த வெள்ளைக்கார டாக்டரையே கட்டிக்கொள்ளேன்" என்று டிவியைப் பார்த்துப் புலம்பியிருப்பார், முத்தத்தைப் பார்த்து முகம் சுளித்துமிருப்பார். உண்மை தெரிந்த பிறகு அந்தச் சுளிப்பை அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார்? மாட்டிக்கொண்டவள் கார்லா மட்டும் இல்லை, பார்த்தவரும்தான். இதற்கு வசனம் எழுதியவர் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும், இந்த அடி விழுந்தது காத்திருந்ததால்தான். அந்தக் காத்திருப்பை எழுதியவர் ஹெட் ரைட்டர்.

இதற்குச் சில வருடம் முன்பு, 1962-இல், 'கைடிங் லைட்' தொடரை எழுதும்போது நிக்சன் இன்னொன்றைச் செய்தார். அவருடைய தோழி ஒருவர் கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்திருந்தார். இந்த நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க உதவும் பாப் ஸ்மியர் பரிசோதனையைப் பெண்கள் செய்துகொள்ள வேண்டும் என்பதைக் கதைக்குள் கொண்டுவர நினைத்தார். தொடரின் சொந்தக்காரர்கள் பிராக்டர் அண்ட் கேம்பிள், சோப்புக் கம்பெனி. அவர்களும் சேனலும் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்கள்: 'புற்றுநோய்', 'கர்ப்பப்பை', 'கர்ப்பப்பை நீக்கம்' என்ற சொற்கள் வரக்கூடாது! கர்ப்பப்பைப் புற்றுநோய்க் கதையை இந்தச் சொற்கள் எதுவுமே இல்லாமல் எழுதினார்கள். நோய் வருவதற்கு அவர் புதிதாக ஒரு பாத்திரத்தைக் கொண்டுவரவில்லை, பர்ட் பவரைத் தேர்ந்தெடுத்தார். பல வருடமாக ரசிகர்கள் தங்கள் வீட்டுப் பெண்போல நினைத்த குடும்பத் தலைவி. புதுமுகத்துக்கு வந்திருந்தால் பரிதாபப்பட்டுவிட்டு மறந்திருப்பார்கள். பர்ட்டுக்கே வந்தால், நமக்கும் வரலாமே என்று தோன்றும். பரிசோதனை செய்துகொண்டோம் என்று பெண்களிடமிருந்து கடிதங்கள் வந்தன.

பர்ட் கதை அதோடு முடியவில்லை. அந்தப் பாத்திரத்தில் நடித்த சரிட்டா பவருக்கு எண்பதுகளில் நிஜமாகவே ஒரு காலை எடுக்க வேண்டி வந்தது. அப்போதைய எழுத்துக் குழு அதை மறைக்கவில்லை, பர்ட்டுக்கும் கால் போனதாகவே கதை எழுதினார்கள். ஹெட் ரைட்டரின் கையில் இருக்கிற பொருள் இப்படிப்பட்டது. பாதி கற்பனை, மீதி நடிகர்களின் உடம்பும் வயதும் ஒப்பந்தமும்.

ஒப்பந்தம் என்றதும் ஐலீன் ஃபுல்டன் ஞாபகம் வருகிறார். 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' தொடரில் லிசா என்ற பாத்திரத்தில் பல பத்தாண்டுகள் நடித்தவர். தன்னைப் பாட்டியாக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து போட்டுக்கொண்டார். லிசாவின் மகனுக்குக் குழந்தை பிறப்பதா வேண்டாமா என்பதற்கு எழுத்தாளர் வக்கீலைக் கேட்க வேண்டிய நிலை! இது போக, முக்கிய நடிகர்களுக்கு வாரத்துக்கு இத்தனை எபிசோட் என்று சம்பள உத்தரவாதம் உண்டு. கதையில் வேலை இல்லாவிட்டாலும் பணம் கொடுத்தாக வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை செட் போடலாம் என்பதற்கும் கணக்கு. இந்தக் கணக்குகளுக்குள் நின்றுகொண்டுதான் கதை யோசிக்க வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் 1994-இல் 'ஜெனரல் ஹாஸ்பிட்டல்' தொடரில் கிளேர் லபீன் ஹெட் ரைட்டராக இருந்தபோது வந்தது. டாக்டர் டோனி ஜோன்ஸின் சின்ன மகள் பிஜே, பள்ளிப் பேருந்து விபத்தில் மூளைச்சாவு அடைகிறாள். அதே நேரத்தில் டோனியின் தம்பி மகள் மேக்ஸி, கவாசாகி நோயால் இதயம் கெட்டு, மாற்று இதயத்துக்காகக் காத்திருக்கிறாள். பிஜேயின் இதயம் மேக்ஸிக்குப் போகிறது. பிறகு டோனி மேக்ஸியின் மார்பில் காது வைத்து மகளின் இதயத் துடிப்பைக் கேட்கிறார். அந்தக் காட்சியில் பேச்சே தேவைப்படவில்லை. டோனியும் அவர் தம்பியும் எண்பதுகளிலிருந்தே தொடரில் இருப்பவர்கள், குழந்தைகள் பிறந்ததையே ரசிகர்கள் பார்த்திருக்கிறார்கள். முன்னால் இருந்த எழுத்தாளர்கள் போட்டுவைத்த உறவுகளையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து கட்டினார் லபீன். மேக்ஸி வளர்ந்து பெரியவளான பிறகும், அவளுக்குள் இருப்பது பிஜேயின் இதயம் என்பது கதையில் தொடர்ந்து வந்தது.

அதனால்தான் நல்ல ஹெட் ரைட்டருக்கு முதல் தகுதி கற்பனை அல்ல, ஞாபகம் என்பேன். ஓடிக்கொண்டிருக்கும் பேருந்தில் ஓட்டுநர் மாறுவதுபோலத்தான் இந்த வேலைக்கு ஆள் மாறுகிறார்கள். பயணிகள் எல்லோரும் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள். டக்ளஸ் மார்லண்ட் 1985-இலிருந்து 1993-இல் இறக்கும்வரை 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' தொடரை எழுதியவர். ஒரு தொடரைக் கெடுக்காமல் இருப்பது எப்படி என்று அவர் சொல்லிவைத்த விதிகளை ரசிகர்கள் இன்றும் புது எழுத்தாளர்கள் முகத்தில் காட்டுவார்கள். தொடரைப் பார், அதன் பழைய கதையைத் தெரிந்துகொள், ரசிகர் கடிதங்களைப் படி, முதல் ஆறு மாதம் யாரையும் வேலையை விட்டு அனுப்பாதே, மையப் பாத்திரங்களின் குணத்தை மாற்றாதே என்பவை அவற்றில் சில. எளிதாகத்தான் தெரிகிறது. வந்த வேகத்தில் பழைய குடும்பங்களை ஓரங்கட்டிவிட்டு, தங்கள் புதுப் பாத்திரங்களை நிரப்பியவர்கள்தான் அதிகம்.

இதற்கு நேர்மாறான ஆளும் உண்டு. 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' தொடரை எழுதிய ஜேம்ஸ் ரைலி, 1990-களில் ஒரு பெண்ணை உயிரோடு புதைத்தார், பிறகு மார்லீனா என்ற மனநல மருத்துவருக்குப் பேய் பிடிக்க வைத்தார். பார்வையாளர் எண்ணிக்கை ஏறியது. எனக்கு அது ஒட்டவில்லை, ஆனால் ஒரு தனி மனிதரின் முத்திரை ஹெட் ரைட்டர் வேலையில் எவ்வளவு தூரம் தெரியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

மேலே இருப்பவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். சேனல் தலையிடும், உண்மைதான். தயாரிப்பாளரும் சும்மா இருப்பதில்லை. 'ஜெனரல் ஹாஸ்பிட்டல்' எழுபதுகளின் கடைசியில் தலைநிமிர்ந்ததற்குத் தயாரிப்பாளர் குளோரியா மான்ட்டி கொண்டுவந்த வேகத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 1981 நவம்பரில் அதில் லூக், லாரா என்ற இரண்டு பாத்திரங்களுக்கு நடந்த கல்யாணத்தைச் சுமார் 3 கோடிப் பேர் பார்த்தார்கள். இதற்கு மாறாக, வில்லியம் பெல்லைப் பாருங்கள். மனைவி லீ பிலிப் பெல்லோடு சேர்ந்து 1973-இல் 'தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்' தொடங்கி, 1998 வரை தானே ஹெட் ரைட்டராக இருந்தார். படைத்தவரும் அவரே, எழுதுகிறவரும் அவரே என்பதால் அவசரப்படுத்த ஆள் இல்லை. கதையை ஊற வைத்து எடுப்பார். அந்தத் தொடர் 1988 முதல் பகல்நேர ரேட்டிங்கில் முதலிடத்தில் நின்றதற்கு அந்த நிதானத்துக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அவர்கள் 1987-இல் தொடங்கியதுதான் 'தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்'. தொண்ணூறுகளில் கேபிள் வந்த புதிதில் ஸ்டார் பிளஸில் நம்மில் பலர் இதைப் பார்த்திருப்போம். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் புரியாத அத்தை, யார் யாரோடு சண்டை என்பதை எங்களுக்கு முன்பே சொல்லிவிடுவார். இன்று அதை எழுதுவது அவர்கள் மகன் பிராட்லி.

ஹெட் ரைட்டர் இல்லாமல் ஓட்ட முடியுமா என்றால், ஓட்டியிருக்கிறார்கள். 2007-08 எழுத்தாளர் வேலைநிறுத்தத்தின்போது சங்கத்துக்கு வெளியே இருந்தவர்களை வைத்து எழுதி வாங்கிப் படம்பிடித்தார்கள். எபிசோட் வந்துகொண்டே இருந்தது. ஆனால் ஒருவர் மனதில் வைத்திருந்த ஆறு மாதக் கதையை இன்னொருவர் பாதியில் வாங்கி எழுதினால் அது வேறு கதைதான்.

அதற்குப் பிறகு தொடர்கள் ஒவ்வொன்றாக மூடின. வானொலியில் 1937-இல் தொடங்கிய 'கைடிங் லைட்' 2009-இல் நின்றது, அடுத்த வருடம் 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்'. நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் சிபிஎஸ் சேனலில் 'பியாண்ட் தி கேட்ஸ்' என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது, ஒரு வசதியான கறுப்பினக் குடும்பத்தைச் சுற்றிய கதை. உருவாக்கியவரும் ஹெட் ரைட்டரும் மிஷல் வால் ஜீன். பல வருடம் மற்றவர்கள் போட்ட கதைக்கு வசனம் எழுதிவந்தவர். இப்போது யாருக்கு எது எப்போது தெரிய வேண்டும் என்பதை அவர் முடிவு செய்கிறார்.