எய்பாரின் இரட்டைக் குழல்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஸ்பெயினின் எய்பார் நகரில் செய்யப்பட்ட இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கிகளுக்கு உரிய மரியாதை கிடைக்கவே இல்லை என்று இந்தப் பகுதியில் முன்பு ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இந்த இதழை அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: அவை ஆங்கிலேயத் துப்பாக்கிகளைப் பார்த்துச் செய்த நகல்கள்தானே? நகலுக்கு என்ன மரியாதை?
– வாசகர், தேனி

அமைப்பு ஆங்கிலேயருடையது என்பதில் ஐயமில்லை. ஒன்று, பர்மிங்காமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் ஆன்சனும் டீலியும் 1875-ல் உருவாக்கிய முறை. சுத்தியல், வில் எல்லாம் துப்பாக்கியின் நடு உடலுக்குள்ளேயே அடங்கிவிடும். இன்னொன்று, லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் முறை. அதில் இயக்கப் பாகங்கள் இருபுறமும் இரண்டு பக்கத் தகடுகளில் உட்கார்ந்திருக்கும். காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு இவற்றை யாரும் செய்யலாம். ஆனால் செய்ய அனுமதி இருப்பதும் செய்யத் தெரிவதும் ஒன்றல்ல.

நான் தொழிற்சாலையின் டூல்ரூமில், அதாவது கருவிகளும் அச்சுகளும் செய்யும் பிரிவில், அரம் பிடித்துப் பிழைத்தவன். டை எனப்படும் உலோக அச்சின் இரண்டு பாதிகள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்க, ஒன்றில் நீலச் சாயம் தடவி மற்றதை அதன்மேல் வைத்து அழுத்துவோம். சாயம் ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் ராவிவிட்டு, மறுபடி தடவி, மறுபடி வைத்துப் பார்ப்போம். துப்பாக்கிப் பட்டறையில் சாயத்துக்குப் பதில் விளக்குக் கரி. எஃகுத் தகட்டைப் புகையில் காட்டிக் கருப்பாக்கி, துப்பாக்கியின் அக்ரூட் மரக்கட்டையில் குடைந்த பள்ளத்தில் வைத்து எடுப்பார்கள். கரி ஒட்டிய இடத்தை உளியால் மயிரிழை சீவுவார்கள். மறுபடி புகை, மறுபடி உளி. வேலை முடிந்தபின் மரமும் எஃகும் சேரும் கோட்டில் ஒரு தாளைக்கூட நுழைக்க முடியாது. லண்டனில் செய்தாலும் எய்பாரில் செய்தாலும் அந்தக் கோடு அதே பொறுமையைத்தான் கேட்கிறது. அதைச் செய்து முடித்தவனை நகலெடுப்பவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதை ஆங்கிலேயர்களே ஒப்புக்கொண்டார்கள். 1950-களில் இரண்டு ஆங்கிலேயச் சகோதரர்கள் எய்பாரின் ஏ.ஒய்.ஏ. நிறுவனத்தோடு உட்கார்ந்து பேசி, தங்கள் நாட்டு வேட்டைக்காரர்களின் விருப்பத்துக்கு ஏற்ற துப்பாக்கிகளைச் செய்யவைத்தார்கள். பக்கத் தகடு கொண்ட ‘நம்பர் 1’, ‘நம்பர் 2’, எளிய உடலமைப்புள்ள ‘நம்பர் 4’ ஆகியவை பிரிட்டனில் வேரூன்றின. லண்டன் துப்பாக்கியின் விலையை நினைத்தும் பார்க்க முடியாத விவசாயிகளும் ஊர் மருத்துவர்களும் அவற்றை வாங்கி, பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றார்கள்.

கேள்வி: ஸ்பெயின் துப்பாக்கி என்றாலே மட்டம், இரும்பு மென்மை என்று படித்திருக்கிறேன். அது பொய்யா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பொய்யில்லை. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1915-ல் பிரெஞ்சு ராணுவத்துக்குக் கைத்துப்பாக்கிகள் அவசரமாகத் தேவைப்பட்டன. கபிலோண்டோ நிறுவனம் செய்த ‘ரூபி’யை மாதம் பத்தாயிரம் என்ற கணக்கில் கேட்டார்கள். விரைவிலேயே அதுவும் போதவில்லை. கபிலோண்டோ அக்கம்பக்கத்துப் பட்டறைகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தது. பிறகு பல பட்டறைகள் தாமாகவே களத்தில் இறங்கின. லட்சக்கணக்கில் துப்பாக்கிகள் போயின. ஒரு பட்டறையின் மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கிச் செருகும் கூடு, இன்னொன்றின் துப்பாக்கியில் பொருந்தவில்லை. எது எங்கே செய்தது என்று பிரித்தறிய ஒவ்வொன்றிலும் இரண்டெழுத்துக் குறி பொறிக்க வேண்டியதாயிற்று. போர்முனையில் நிற்கும் சிப்பாய்க்கு இது உயிர் விவகாரம். எய்பார் என்ற பெயரில் விழுந்த முதல் பெரிய கறை இதுதான்.

பின்னாளில் அமெரிக்கச் சந்தைக்கு விலை ஒன்றையே பார்த்துச் செய்த இரட்டைக் குழல்களும் ஏராளம் போயின. அவற்றில் சிலவற்றின் உள்பாகங்கள் சரியாகக் கடினமாக்கப்படாமல் சீக்கிரம் தேய்ந்தன. சுடும் ஊசிகள் உடைந்தன. வாங்கியவர்கள் திட்டியதில் நியாயம் உண்டு. ஆனால் அதே தெருவில், மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோவுக்குத் துப்பாக்கி செய்து கொடுத்த விக்டர் சராஸ்கெட்டாவும் இருந்தார். அதே ஊரில் பிளாசிதோ சுலோவாகா எஃகில் பொன் கம்பியைப் பதித்துச் செய்த வேலைப்பாடுகளை இன்றும் உலகச் சேகரிப்புகளில் போற்றி வைத்திருக்கிறார்கள். மட்டமானதையும் உன்னதமானதையும் ஒரே பெயரில் விற்ற ஊர் அது. உன்னதத்தைச் செய்தவர்களும் அதற்கு விலை கொடுத்தார்கள்.

கேள்வி: ஆர்பேயா சைக்கிள் நிறுவனம் முன்பு துப்பாக்கி செய்ததாமே?
– மாணவி, காரைக்குடி

ஆம். 1840-ல் எய்பாரில் துப்பாக்கிப் பட்டறையாகத் தொடங்கி, 1930 வாக்கில் சைக்கிளுக்கு மாறியது. பி.எச். சைக்கிளும் அப்படித்தான், 1909-ல் துப்பாக்கியில் தொடங்கியது. தொழிலாளர்கள் கூடி 1920-ல் நிறுவிய ஆல்ஃபா கூட்டுறவு, கைத்துப்பாக்கியை விட்டுத் தையல் இயந்திரத்துக்குப் போனது. குழல் துளைக்கத் தெரிந்தவர்களுக்குச் சைக்கிள் குழாய் புதிதல்ல.

கேள்வி: இவ்வளவு திறமை இருந்தும் ஏன் வீழ்ந்தார்கள்?
– வாசகர், கோவை

ஸ்பெயினின் உள்நாட்டுப் போர்தான் காரணம் என்பார்கள் சிலர். 1937 ஏப்ரலில் குண்டுவீச்சிலும் தீயிலும் ஊரின் பெரும்பகுதி அழிந்தது உண்மை. ஆனால் அதிலிருந்து எழுந்துதான் 1950, 60-களில் தங்கள் சிறந்த காலத்தைக் கண்டார்கள். வீழ்ச்சி அதற்குப் பிறகு வந்தது.

வேட்டைக்காரர்களின் விருப்பம் பக்கம் பக்கமாக அமைந்த குழல்களிலிருந்து மேலும் கீழுமாக அமைந்த குழல்களுக்கு மாறியது. இத்தாலியர்கள் அவற்றை இயந்திரத்தில் துல்லியமாகச் செய்து குவித்தார்கள். மலிவு விலைச் சந்தையைப் பின்னர் துருக்கி பிடித்துக்கொண்டது. ஸ்பெயினில் கூலியும் உயர்ந்தது.

இதற்கெல்லாம் மருந்தாக 1980-களில் அரசு ஆதரவோடு பல நிறுவனங்களை ‘தியார்ம்’ என்ற ஒரே குழுமமாக இணைத்தார்கள். எனக்கு ஆற்றாமை தரும் இடம் இதுதான். எய்பார் ஒரு தொழிற்சாலை அல்ல. இடுக்கான பள்ளத்தாக்கில் மாடிமேல் மாடியாக அடுக்கிய பட்டறைகள். குழல் செய்பவர் ஒரு தளம், மரக்கட்டை குடைபவர் இன்னொரு தளம், சித்திரம் வெட்டுபவர் அடுத்த தெரு. துப்பாக்கி கைமாறிக் கைமாறித்தான் உருவாகும். அந்தக் கைகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து நிர்வாகம் செய்யப் பார்த்தார்கள். சில ஆண்டுகளிலேயே குழுமம் நொடித்தது. பழம்பெயர்கள் பலவும் அதோடு மூழ்கின. ஏ.ஒய்.ஏ. மட்டும் 1988-ல் சிறு அளவில் மீண்டும் தொடங்கியது. அரியேட்டா, கார்பி போல ஒதுங்கி நின்ற சிறு பட்டறைகள் அப்போது தப்பின.

ஆனால் ஆள் எங்கே? 1913-ல் திறந்த எய்பார் துப்பாக்கிப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு, பக்கத்து எல்கோய்பாரின் இயந்திரக் கருவித் தொழிற்சாலைகள் நல்ல சம்பளத்தில் வேலை கொடுத்தன. அரத்தோடு ஆண்டுக்கணக்கில் போராட யார் வருவார்கள்? அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஒரு தலைமுறை ஓய்வுபெற்றபோது அடுத்த தலைமுறை அந்த மேசையில் இல்லை. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின.

கேள்வி: இங்கே களிமண் தட்டு சுடும் சங்கத்தில் சேர்ந்திருக்கிறேன். போலீஸ் சான்றிதழும் வாங்கிவிட்டேன். பழைய எய்பார் துப்பாக்கி ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், லண்டன்

தாராளமாக வாங்குங்கள், பார்த்து வாங்குங்கள். குழல்களைத் தனியே கழற்றி, கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் குழல்களை இணைக்கும் பற்றவைப்பு நன்றாக இருக்கிறது. மந்தமாக ஒலித்தால் பற்றவைப்பு எங்கோ விட்டிருக்கிறது. விலையைப் பேசாமல் திரும்பிவிடுங்கள். பிறகு துப்பாக்கியைப் பூட்டி, முன்கட்டையைக் கழற்றிவிட்டு மெல்ல அசையுங்கள். மூட்டில் ஆட்டம் இருக்கக்கூடாது. திருகாணித் தலைகளைப் பாருங்கள். பிளவுகள் சிதைந்திருந்தால் தெரியாத கை உள்ளே போயிருக்கிறது.

குழலின் அடித்தட்டையில் எய்பார் சோதனைச் சாலையின் முத்திரைகள் இருக்கும். 1927 முதல் ஆண்டுக் குறியும் உண்டு. வயதை அதிலிருந்து அறியலாம். தோட்டா அறையின் நீளத்தை அவசியம் படியுங்கள். பழையவை பலவற்றில் அது 65 மில்லிமீட்டர்தான். அதில் 70 மில்லிமீட்டர் தோட்டாவைப் போடவே கூடாது. உள்ளே நுழைந்துவிடும் என்பதால்தான் அது ஆபத்து: சுடும்போது தோட்டாவின் மடிந்த வாய் முழுதாக விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறிவிடும். ஈயத்துக்குப் பதில் எஃகுச் சன்னங்கள் கொண்ட தோட்டாவைப் போடுவதற்கு முன்னும் ஒரு துப்பாக்கிப் பட்டறையில் குழல் சுவரின் தடிமனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.