மக்ரோஸ் பெரியதல்ல

அன்புள்ள ஐயா,

நான்கு மாதமாகப் பழைய கிரேக்கத்தைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானாகவே படித்து வருகிறேன். பெயர்ச்சொற்கள் எப்படியோ மண்டையில் ஏறிவிட்டன; பெயரடைகள்தான் ஒட்ட மாட்டேன் என்கின்றன. தெரிந்த ஆங்கிலச் சொல்லோடு முடிச்சுப் போட்டுப் படிக்கச் சொன்னார் ஒரு நண்பர். ‘மேக்ரோ’வை நம்பி, ‘மக்ரோஸ்’ என்றால் ‘பெரிய’ என்று எழுதினேன். தப்பு. இந்த வழியை விட்டுவிடலாமா?

ர.

அன்புள்ள ர.,

விட வேண்டாம். மக்ரோஸ் என்றால் ‘நீண்ட’. மேக்ரோ உங்களைக் கவிழ்த்துவிட்டது, சரி. ஆனால் அதே குடும்பத்தில் நேர்மையான ஆள் ஒருவர் இருக்கிறார்: மேக்ரான். ‘ஆ’வை ரோமன் எழுத்தில் எழுதும்போது தலைமேல் ஒரு கோடு போடுகிறோமே, அதன் பெயர். நெடில் குறி.

‘பெரிய’ என்பதற்கு மெகஸ், ‘சின்ன’ என்பதற்கு மிக்ரோஸ். 2021 கடைசியில் கொரோனாவின் புதுத் திரிபுக்கு வைத்த பெயரை ஊரே சொல்லிக்கொண்டிருந்ததே, ஒமிக்ரான்? அது ஒரு கிரேக்க எழுத்தின் பெயர்: ‘ஒ மிக்ரோன்’, அதாவது சின்ன ஒ. இன்னொரு எழுத்தான ஒமேகா என்பது ‘ஓ மெக’, பெரிய ஓ. நம் ஒ, ஓ போலக் குறிலும் நெடிலும்தான். கிரேக்கத்தில் ஆண்பால், பெண்பால் போக, இரண்டும் இல்லாத மூன்றாவது பால் ஒன்று உண்டு. அதில் மிக்ரோஸ் மிக்ரோன் ஆகும், மெகஸ் மெக ஆகும். அட்டவணையை உருப்போடாமலே இரண்டு வடிவம் உங்கள் கையில்.

எனக்கு இந்த வழி பிடித்ததே இதனால்தான். பொருளை அகராதியே சொல்லிவிடும். சொல்லின் அடியை அது மறைத்துவிடுகிறது. ‘கருப்பு’ என்று தேடினால் மெலஸ் என்றிருக்கும். வாக்கியத்துக்குள் போனால் மெலனோஸ், மெலனி என்று எங்கிருந்தோ ஒரு ‘ன’ வந்து நிற்கும். அது நம் தோலில் இருக்கும் மெலனினில் பத்திரமாக இருக்கிறது. கருமை என்பதைக் கருங்கடல், காரிருள் என்று சேர்த்து எழுதிப் பழகிய நமக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், நானாகவே படிக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். ‘இதியோஸ்’ என்றால் ‘சொந்த, தனிப்பட்ட’. அதிலிருந்து வந்த ‘இதியோதேஸ்’ என்ற சொல்லால்தான் அந்தக் கால கிரேக்கர்கள் உங்களைக் குறிப்பிட்டிருப்பார்கள். ஆங்கில ‘இடியட்’டின் பாட்டன். கோபித்துக்கொள்ளாதீர்கள்; தனியாள், துறை சாராதவர் என்றுதான் அங்கே பொருள்.