அஃபிலியேட் மாநாட்டுக்குப் போனால் போட்ட காசு திரும்புமா?

சிங்கப்பூரில் பகுதி நேரமாக அஃபிலியேட் மார்க்கெட்டிங் (பிறர் பொருளுக்கு லிங்க் கொடுத்து, விற்றால் கமிஷன் வாங்குவது) செய்கிறீர்கள். மாநாட்டுக்குப் போவது பயன்தருமா, முன்பின் தெரியாதவர்களிடம் என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயன் உண்டு. ஆனால் மேடைப் பேச்சுக்காகப் போகாதீர்கள். நமக்குப் பக்கத்தில் பெரியது, பாங்காக்கில் டிசம்பரில் நடக்கும் அஃபிலியேட் வேர்ல்ட் ஏஷியா. சாங்கியிலிருந்து இரண்டரை மணி நேரம்தான்.

விற்பவர்களையும் நம்மையும் இணைக்கும் நெட்வொர்க் ஆட்களிடம் "கமிஷன் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். குக்கி (உங்கள் லிங்க் வழியாக வந்தவர் என்று பிரவுசரில் பதியும் குறிப்பு) எத்தனை நாள் நிற்கும், பணம் எப்போது வரும், வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் யார் தலையில் விழும் என்று கேளுங்கள். அமேசானில் குக்கி பொதுவாக 24 மணி நேரம்தான். உங்கள் லிங்கைத் தட்டியவர் கூடையில் எதுவும் போடாமல் போய், இரண்டு நாள் கழித்துத் தானாக வந்து வாங்கினால் உங்களுக்குக் காலணா கிடையாது. பணமும் மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துத்தான். சிறிய நெட்வொர்க்குகளிடம் இதையெல்லாம் நேரில் பேரம் பேசலாம்.

முதல் தடவை நான் நாற்பது கார்டுகளோடு திரும்பினேன். வீட்டில் மேசைமேல் பரப்பினால் ஒரு முகமும் நினைவில் இல்லை! இப்போது அங்கேயே கார்டின் பின்னால் எழுதிவிடுவேன்: "குழந்தைப் பொருட்கள், மலேசியா, நெட்-15" (கணக்கு முடிந்து 15 நாளில் பணம்). அப்புறம் மூன்று நாளுக்குள் ஒரு வாட்ஸ்அப். உள்ளூர்க்காரர் என்றால் தேக்காவில் ஒரு தே தாரிக். உண்மையான எண்கள் அங்கேதான் வெளியே வரும்.

சரி, ரசீதுகளை 5 ஆண்டுகள் வைத்திருங்கள். தொழிலுக்கான செலவை வரிக் கணக்கில் கழிக்கலாம். குடும்பத்தோடு ஊர் சுற்றியது அதில் சேராது.