கோட் தைக்க வேணாம்மா, அந்த காசுல நல்ல ஷூ வாங்குங்க

அம்மா, நேத்து நீங்க போன்ல கேட்டதுல இருந்து எனக்கு அதே நெனப்பாவே இருக்கு. பையனுக்கு ஸ்ரீபெரும்புதூர்ல இன்டர்வியூ, கூடப் படிக்கிறவங்க எல்லாம் கோட் தைக்கறாங்களாம், சீட்டு எடுத்தாவது நாமளும் தைச்சுடலாமான்னு கேட்டீங்க. வேணாம்மா. சீட்டுப் பணத்துல கை வைக்காதீங்க.

அவன் போறது கார் பார்ட்ஸ் செய்யற கம்பெனிக்கு, அதுவும் ட்ரெயினி வேலைக்கு. அங்க கேள்வி கேக்கறவரே அனேகமா கம்பெனி யூனிஃபார்ம்லதான் உக்காந்துருப்பாரு. விழுப்புரத்துல விடியக்காலைல ட்ரெயின் ஏறி, தாம்பரத்துல இறங்கி, பஸ்ல நின்னுகிட்டே போய், கேட்ல பேர் எழுதிட்டு உள்ள போறதுக்குள்ள இந்த மே மாச வெயில்ல கோட்டுக்குள்ள புள்ள வெந்துடுவான்மா.

ரெண்டு வருஷம் முன்னாடி என்கிட்ட வந்த ஒரு பையன் கோட்ட வாடகைக்கு எடுத்துட்டுப் போனான், கை நீளம் பத்தல, உள்ள போனதுல இருந்து வெளிய வர்ற வரைக்கும் மணிக்கட்ட மறைக்க இழுத்து இழுத்து விட்டுகிட்டே இருந்துருக்கான். தெர்மோடைனமிக்ஸ் எல்லாம் எனக்கே பாடம் எடுக்கற அளவுக்கு தெரிஞ்ச பையன், வெளிய வந்து "சார், என்ன கேட்டாங்கன்னே மனசுல நிக்கல"ன்னு அழுதான். அவன்கிட்ட முன்னாடியே இத சொல்லலையேன்னு எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அதனால லைட் ப்ளூ இல்லன்னா வெள்ளைல ஒரு முழுக்கை சட்டை, கருப்பு இல்லன்னா நேவி ப்ளூ பேன்ட், இது போதும். சுத்த காட்டன் வேணாம், பஸ்ல சாஞ்சா கசங்கிடும், பாலியஸ்டர் கலந்தது எடுங்க, உள்ள பனியன் கண்டிப்பா போடச் சொல்லுங்க, இல்லன்னா வேர்வை அப்படியே முதுகுல தெரியும். புதுசு வாங்கினா ஒரு தடவ தண்ணில நனைச்சு காயவெச்சு இஸ்திரி போடணும், காலருக்குள்ள இருக்கற அட்டை, குண்டூசி எல்லாம் எடுத்துடணும், அப்புறம் அந்த நீளமா ஒட்டிருக்கும் பாருங்க 40, 40னு சைஸ் ஸ்டிக்கர், அத உரிக்காமலே வந்து உக்காந்த பசங்கள நானே பாத்துருக்கேன்.

ஷூவுலதான் காசு போடணும். இன்டர்வியூக்கு அப்புறம் ப்ளான்ட்ட சுத்திக் காட்டறேன்னு கூட்டிட்டுப் போனாலும் போவாங்க, மெஷின் ஓடற எடத்துல செருப்போட விடமாட்டாங்க. ஆனா அன்னிக்குத்தான் புதுசா மாட்டிட்டுப் போகக்கூடாது, குதிகால்ல கடிச்சு கொப்புளம் வந்தா அவன் நொண்டிகிட்டேதான் உள்ள போவான். இன்னிக்கே வாங்கி தினமும் ஒரு மணி நேரம் தெருவுல நடக்கச் சொல்லுங்க. சாக்ஸ் கருப்புல, கணுக்காலுக்கு மேல வர்ற மாதிரி.

கைல இருக்கற கோயில் கயித்த அவுக்கணுமான்னு கேட்டீங்க. அவுக்க வேணாம், முழுக்கை சட்டைக்குள்ள அது பாட்டுக்கு இருக்கும். திருநீறும் சின்னதா இருக்கட்டும். அந்த இரும்பு காப்ப மட்டும் கழட்டிடுங்க, மெஷின் கிட்ட அது ஆபத்து.

உங்க அக்கா பொண்ணுக்கு சாஃப்ட்வேர் கம்பெனி இன்டர்வியூன்னு சொன்னீங்கல்ல, அவளுக்கும் சொல்லுங்க. இன்ஃபோசிஸ்லயே 2015ல ஃபார்மல்ஸ்தான் போட்டுட்டு வரணும்ங்கற ரூல எடுத்துட்டாங்கதான், ஆனா அது வேலை பாக்கறவங்களுக்கு, இன்டர்வியூக்கு வர்றவங்க நீட்டா வரணும்னுதான் இன்னும் எதிர்பாக்கறாங்க. புடவை கட்டிப் பழக்கம் இல்லன்னா அன்னிக்குப் போய் புதுசா கட்ட வேணாம், சுடிதார் போதும், துப்பட்டாவ ரெண்டு தோள்லயும் பின் பண்ணிட்டா சரி பண்ணிட்டே இருக்க வேண்டியதில்ல. லேப்டாப்ல நடக்கற இன்டர்வியூன்னா பொடிக் கோடு, பொடிக் கட்டம் போட்ட துணி வேணாம், கேமரால அலை அலையா அடிக்கும்.

ட்ரெயின்ல வரும்போது டீசர்ட் போட்டுக்கட்டும், சட்டைய மடிக்காம ஹேங்கரோட கவர்ல தொங்கவிட்டு எடுத்துட்டு வந்து தாம்பரத்துல வெயிட்டிங் ரூம்ல மாத்திக்கலாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எல்லாத்தையும் போட்டு உக்காரவெச்சு ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கம்மா, நின்னுகிட்டு இருக்கறது வேணாம், நாற்காலில உக்காந்துருக்கற மாதிரி, பட்டன் இழுக்குதான்னு அப்பதான் தெரியும். பாத்துட்டு அன்னிக்கு ராத்திரியே கூப்பிடறேன்.