தோர்தோன் கிராம வீடு: நீச்சல் குளத்துக்கு வேலி இருக்குமா?

பிரான்சின் தோர்தோன் பகுதியில், ஒன்றரை வயதுக் குழந்தையோடு தங்க ஒரு கிராம வீட்டை வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். அங்குள்ள நீச்சல் குளத்துக்கு வேலி இருக்கும் என்று நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். "குளம் சட்டப்படி சரியாக இருக்கிறது" என்று வீட்டுக்காரர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் வேலி இல்லாமல் இருக்கலாம்.

2003-இல் வந்த பிரெஞ்சுச் சட்டப்படி, தரையில் பதித்த குளத்துக்கு வேலி, அலாரம், பாதுகாப்பு மூடி, கூடாரம் இவற்றில் ஏதாவது ஒன்று போதும். வீட்டின் விளம்பரப் படத்தில் வேலி தெரியவில்லை என்றால் அநேகமாக அலாரமோ மூடியோதான். பெரும்பாலான அலாரங்கள் குழந்தை தண்ணீரில் விழுந்த பிறகுதான் கத்தும். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அதை நான் பாதுகாப்பாகவே எண்ண மாட்டேன்.

"பாரியேரா, அலார்மா?" (பிரெஞ்சில் பாரியேர் என்றால் வேலி, அலார்ம் என்றால் அலாரம்) என்று வீட்டுக்காரரிடம் நேராகக் கேளுங்கள். பாரியேர் என்று பதில் வந்தால் குளத்தின் நான்கு பக்கமும், கதவின் பூட்டும் தெரியும்படி படம் அனுப்பச் சொல்லுங்கள். வேலி 1.10 மீட்டராவது இருக்க வேண்டும். பக்கத்தில் நாற்காலி கிடந்தால் அந்த உயரமும் வீண்.

தரைக்கு மேல் வைக்கும் குளங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.