கன்னத்தில் பங்கசு, பத்து நாளில் அக்காவின் கலியாணம்: மேக்கப் போடலாமா?

கேள்வி: கன்னத்தில் வட்டமாகச் சிவந்து, ஓரம் சொரசொரவென்று கடிக்கிறது. பங்கசு (பூஞ்சைத் தொற்று) என்று குளோட்ரிமசோல் கிறீம் தந்தார்கள். நான்கு நாளாகக் காலையும் இரவும் பூசுகிறேன். பத்து நாளில் அக்காவின் கலியாணம். மேக்கப் போடலாமா? (25 வயது, கொக்குவில்)

பதில்: கலியாணத்தன்று போடலாம் பிள்ளை. அதுவரை அந்தக் கன்னத்தில் கிறீமைத் தவிர வேறொன்றும் பூசாதீர்கள். வேலைக்குப் போகும்போது பவுடரும் வேண்டாம்.

கிறீம் தோலில் நேரடியாகப் பட்டால்தான் வேலை செய்யும். பவுண்டேசனுக்கு மேல் பூசினால் மருந்து மேக்கப்போடேயே நின்றுவிடும். கலியாணத்தன்று காலையில் முகம் கழுவி, ஈரம் போக ஒற்றி, கிறீமை மெல்லிசாகத் தடவுங்கள். சிவந்த இடத்தில் மட்டுமல்ல, ஓரத்துக்கு வெளியே ஒரு விரல் அகலத்துக்கும் பூச வேண்டும். பங்கசு வெளிப்பக்கமாகத்தான் படரும். இருபது நிமிடம் காயவிட்டுப் பிறகு மேக்கப். இரவு எவ்வளவு களைத்து வந்தாலும் எல்லாவற்றையும் கழுவி, வெறுந்தோலில் மறுபடி கிறீம் பூசிவிட்டுப் படுங்கள்.

எனக்குப் பெரிய கவலை ஸ்பொஞ்சும் பிரஷும்தான். கலியாண வீட்டில் அலங்காரம் செய்ய வருபவர் ஒரே ஸ்பொஞ்சால் மணப்பெண், தோழி, சின்னப் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் ஒற்றுவார். இது தொற்றும் நோய். உங்களுக்கென்று புதிய ஸ்பொஞ் வாங்கிக் கொடுத்து, அன்றே எறிந்துவிடுங்கள். பிரஷும் உங்களுடையதாகவே இருக்கட்டும். அண்மையில் ஒரு பிள்ளைக்கு இரண்டு முறை மாறி மூன்றாம் முறையும் வந்தது. மேக்கப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். மாதக்கணக்காகக் கழுவாத ஸ்பொஞ், ஈரமாய், விளிம்பு கறுத்துக் கிடந்தது. நீங்கள் இதுவரை பாவித்த ஸ்பொஞ், பவுடர் பஃப் இருந்தால் இன்றைக்கே குப்பையில் போடுங்கள். துவாயும் தலையணை உறையும் உங்களுக்குத் தனியாக இருக்க வேண்டும். வீட்டில் முடி கொட்டிய பூனைக்குட்டி இருந்தால் அதையும் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள், அதிலிருந்தும் ஒட்டும்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். கலியாணத்துக்குள் மாற வேண்டும் என்ற அவசரத்தில், வேறு யாரோ பூசிய ‘கலவைக் கிறீமை’யோ வெள்ளையாக்கும் கிறீமையோ தொடாதீர்கள். பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்ரீரொயிட் கலந்தவை கடியையும் சிவப்பையும் இரண்டே நாளில் அடக்கும். பங்கசு சாகாது, மறைந்திருந்து பரவும். நிறுத்தியதும் முன்னதைவிட மோசமாகக் கிளம்பும். வட்டத்தின் உருவமே மாறிவிடுவதால், பார்க்கும் வைத்தியருக்கும் அடையாளம் தெரியாமல் போகும்.

கலியாண நாளுக்குள் கடி அடங்கி, மங்கலான தடம் மட்டும் மிஞ்சலாம். அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். தோல் தெளிந்த பிறகும் இரண்டு கிழமை பூசுங்கள்.

கிறீம் எரிந்து முகம் வீங்கினால் உடனே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள். இரண்டு கிழமையில் குறையாவிட்டாலோ, கண் பக்கமாகப் படர்ந்தாலோ யாழ் போதனா வைத்தியசாலைத் தோல் கிளினிக்கில் காட்டுங்கள். போகும்போது இதுவரை பூசிய ரியூப்புகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.